தண்ணீர் கொண்டுவரும் பிள்ளை

1

இங்கே பள்ளிகளில் பயிற்சி நாள் என்று ஒன்று வரும். அன்று பிள்ளைகளுக்கு விடுமுறை, ஆசிரியர்களுக்கு வகுப்பு. சின்னப் பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சுக்கு வர மடங்கி உட்கார்ந்து பாடம் கேட்போம். போன வாரம் அப்படி ஒரு நாள். வெளியே ஹடர்ஸ்ஃபீல்டின் மழை; பெய்வதா நிற்பதா என்று அதற்கே முடிவில்லாத மழை. உள்ளே தேநீர், பிஸ்கட், திரையில் பள்ளியில் சமத்துவம் பற்றிய படங்கள்.

நடத்த வந்த அம்மா நல்ல மாதிரி. என் பெயரைச் சரியாகச் சொல்ல மெனக்கெட்டார். உங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்களேன் என்று என்னைக் கேட்டார். என்னிடம் ஒன்று இருந்தது. ஒரு டீச்சர் குடிக்கத் தண்ணீர் யார் கொண்டுவருவது என்று ஆரம்பித்தேன். அதற்குள் எல்லார் முகமும் இரக்கப்படத் தயாராகிவிட்டது. கிணறு வற்றிய ஊர், குடம் சுமக்கும் சிறுமி என்று அவர்கள் மனதில் படம் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, பக்கத்திலேயே அமராவதி அணை என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பேச்சை வேறு பக்கம் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அங்கே சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு முக்கால்வாசியை விளக்க வேண்டியதில்லை.

2

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் டீச்சராக இருந்தவள் நான். கணவருக்கு இங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்து வந்து சேர்ந்தோம். என் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழை ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால், படித்த நிறுவனத்திலிருந்து நேராகக் கடிதம் வர வேண்டும் என்றார்கள். அந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள், அந்தக் கட்டடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நடக்கிறது என்று எழுதினேன். அப்படியானால் தற்போதைய நிர்வாகியிடம் கடிதம் வாங்கி அனுப்பலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. மண்டப மேனேஜர் நல்ல மனுசர். கேட்டால் கொடுத்தும் இருப்பார். "படிப்புல கெட்டிக்காரி, பாத்திரமெல்லாம் சரியாத் திருப்பிக் குடுத்துப்போட்டாங்கன்னு எழுதுவாரு" என்று என் கணவர் சிரித்தார். அந்த வழியை விட்டுவிட்டேன்.

மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். முள்கரண்டியைக் கீழே போட்ட பிள்ளைக்கு வேறொன்று எடுத்துக் கொடுக்க வேண்டும், பட்டாணியை ஒளித்துவைக்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டும். என் இங்கிலீஷ் அங்கே வந்ததுதான். சமையலறைப் பெண்களும் சாப்பிட மறுக்கும் பிள்ளைகளும் சொல்லிக்கொடுத்தது. பிறகு வகுப்பு உதவியாளர், பகுதி நேரப் படிப்பு, கடைசியில் மறுபடியும் டீச்சர்.

அதற்கும் மேலே ஒரு பொறுப்புக்கு விண்ணப்பித்தபோது நேர்முகத்தில் தோற்றேன். என்ன கேட்டாலும் 'நாங்கள் செய்தோம்' என்றே சொல்லியிருக்கிறேன். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள், எனக்கு உறைக்கவில்லை. நம் பக்கத்தில் ஒரு கல்யாணத்தையே தனியாளாக நின்று நடத்தியவரிடம் போய்க் கேட்டாலும், ஏதோ நம்மனால ஆனதுங்க என்று நெளிவார். அடுத்த தடவை என் மகள் யாழினி சமையல் மேடை மேல் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பயிற்சி கொடுத்தாள். நான் 'நாங்கள்' என்று சொன்னபோதெல்லாம் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினாள். வேலை கிடைத்தது. எந்தப் பிள்ளையும் வகுப்பில் விடுபட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு.

அந்த வேலையில் நான் கற்ற ஒரு வித்தையைச் சொல்ல வேண்டும். ஒரு டீச்சர் பாடம் நடத்துவார். இன்னொரு டீச்சர் பின்னால் உட்கார்ந்து, பிள்ளைகள் உட்காரும் இடங்களை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்வார். பாடம் நடத்துபவர் எந்தப் பிள்ளையோடு பேசினாலும் அந்த இடத்துக்கு ஒரு கோடு. மதிப்பெண் இல்லை, குறை எழுதுவதில்லை, வெறும் கோடுதான். மணி அடித்ததும் இருவரும் அந்தத் தாளைப் பார்ப்பார்கள். சில இடங்கள் சிலந்தி வலை மாதிரி இருக்கும். சில மூலைகள் வெள்ளையாகவே கிடக்கும். ஓய்வுபெறப்போகும் ஒரு வாத்தியார் தன்னுடைய தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது, கழுத்துதான் திரும்பவில்லை என்றார். அந்தப் பேச்சை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

3

சனிக்கிழமைகளில் எனக்குக் காலைக் காபி நேரம், ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். அப்போது மூன்று பேர் போனில் முகம் பார்த்துப் பேசுவோம். நான், கலாமணி, மெர்சி. மூவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் இருவரும் இன்னும் அங்கேதான்.

கலா என்னைவிட இளையவள். தென்னந்தோப்புக்காரர்கள் வீட்டுப் பெண், அப்படிப்பட்ட வீட்டுக்கே மருமகளாகப் போனவள். மெர்சி கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்திலிருந்து உடுமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கத்தோலிக்கக் குடும்பம், அறிவியல் டீச்சர். மனதில் பட்டதைக் கேட்டுவிட்டுத்தான் டீ குடிப்பாள்.

பள்ளியின் தலைமையாசிரியர் ஓய்வுபெற்றதும் கலாவைப் பொறுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். நிரந்தரமாக யார் என்பதைத் தாளாளர் முடிவு செய்ய வேண்டும். பள்ளியை நடத்தும் குடும்பத்தின் மூத்தவர் அவர், கலாவுக்குச் சொந்தமும்கூட. பொங்கல் கழிந்ததும் முடிவு பண்ணிவிடலாம் என்று சொல்லியிருந்தார். கலா அந்தப் பள்ளிக்காக நிறைய யோசித்து வைத்திருந்தாள். பெண்பிள்ளைகளின் கழிவறைக்குக் கதவு, எட்டாவதோடு நின்றுபோகிறவர்களை மேலே படிக்க வைப்பது, டீச்சர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் போய்ப் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் அந்த நாற்காலி வேண்டும்.

"எனக்கு அந்தச் சேரு வேணுமுங்க அக்கா" என்றாள் ஒரு சனிக்கிழமை. "வேண்டாம் வேண்டாம்னு சொல்லியே நம்ம பொம்பளைங்க எல்லாம் ரிட்டயர் ஆயிப்போட்டாங்க."

வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன பெண்ணை நான் அங்கே பார்த்தது அதுதான் முதல் தடவை. நானே அதற்கு ஒரு கரண்டியும் பாத்திரமும் தேவைப்பட்டவள்.

கோடு போடும் வித்தையை அவளுக்குச் சொன்னேன். மற்ற டீச்சர்களைக் கேட்பதற்கு முன்னால் தன் வகுப்பிலேயே ஆரம்பிக்கிறேன் என்றாள். அது அவளுடைய நல்ல குணம். மெர்சி பின்னால் உட்கார்ந்து கோடு போட்டாள்.

4

தாளைப் போனில் காட்டினார்கள். இங்கே நான் பார்த்த பல தாள்களைவிட நன்றாக இருந்தது. மூலைகளில்கூடக் கோடுகள். கலா எல்லாப் பிள்ளைகளையும் கேள்வி கேட்டிருக்கிறாள், எல்லாரையும் கண்ணு, அம்மணி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அவள் முகத்தில் சந்தோஷம். மெர்சி மட்டும் ஏதோ முழுங்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒன்னு சொல்லட்டுங்களா. கோவிச்சுக்கக் கூடாது" என்றாள்.

சொல்லுங்க என்றாள் கலா.

"கேள்விக்கு எல்லாரையும் எழுப்பறீங்க. தண்ணிக்கு மட்டும் ஊருக்குள்ள இருக்கற பிள்ளைங்களத்தான் அனுப்பறீங்க. காலனிப் பிள்ளைங்கள அனுப்பறதே இல்லீங்க. அந்தப் பவித்ரா தெனமும் கை தூக்கறா. அவளைச் சாக்பீஸ் எடுத்தாறச் சொல்றீங்க. கண்ணுன்னு கூப்புட்டுத்தான் சொல்றீங்க."

இந்தத் தண்ணீர் விஷயத்தை அங்கே படித்தவர்கள் அறிவார்கள். காலை இடைவேளை முடிந்து பாடம் நடத்துகிற டீச்சருக்குத் தொண்டை காய்ந்துவிடும். தண்ணி யாருங்க கொண்டாறது என்று கேட்டால் வகுப்பு முழுக்கக் கை. ஆசிரியர் அறைக்குப் போய்ச் சொம்பில் மொண்டு, டம்ளரைக் கவிழ்த்து மூடி, சிந்தாமல் கொண்டுவர வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை பரிசு வாங்கப் போவது மாதிரி நடந்து போகும். டீச்சர் அதன் கையிலிருந்து வாங்கிக் குடிப்பதை மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் மதிப்பெண் வாங்காத பிள்ளைக்கும் கிடைக்கக்கூடிய பெருமை அது ஒன்றுதான்.

சாதி என்ற சொல்லை அந்தப் பள்ளிக்குள் யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. அன்றும் மெர்சி அதை உச்சரிக்கவில்லை. தேவையிருக்கவில்லை.

மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், வாரேனுங்க என்று சொல்லிக் கலா போனை வைத்துவிட்டாள். அவர்கள் வீட்டில் மாட்டைப் பார்க்க ஆள் உண்டு.

5

அடுத்த சனிக்கிழமை கலா வரவில்லை. வாரத்தின் நடுவில் எனக்குத் தனியாகக் கூப்பிட்டாள். நெனச்சுப் பண்ணலீங்க அக்கா, யோசிச்சுப் பாத்தா அப்பிடித்தான் நடந்திருக்குது என்றாள். வீட்டில் பின்கட்டில் ஒரு தனி டம்ளர் இருந்ததையும், யாருக்கு என்று யாரும் சொல்லாமலே தனக்குத் தெரிந்திருந்ததையும் சொன்னாள். என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

யாழினி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பதினான்கு வயது. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். தாத்தாவிடம் போனில் பேசினால் 'நீ சாப்பிட்டியா' என்பாள். வாங்க போங்க என்றே பேசிப் பழகிய அவர் ஒரு கணம் தடுமாறிவிட்டுச் சாப்பிட்டேன் சாமி என்பார். அவள் இப்போது தோளைக் குலுக்கி, அந்த மிஸ் ஏன் தன் தண்ணீரைத் தானே எடுத்துக்கொள்ளக் கூடாது, பிள்ளைகள் என்ன வேலைக்காரர்களா என்றாள்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இங்கே ஒரு டீச்சர் பிள்ளையைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் பெற்றோர் கடிதம் எழுதுவார்கள். அதையே கலாவிடம் சொன்னேன். இனிமேல் நீயே எடுத்துக்கோ அம்மணி, யாரையும் அனுப்ப வேண்டாம், பிரச்சினையே இல்லை.

கலாவுக்குப் பெரிய பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. மறுநாளே பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் மேசையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மெர்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பந்தியில அவ மொற வர்றப்போ எலையையே எடுத்துப்போட்டீங்க ரெண்டு பேரும்" என்றாள்.

அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. பாட்டிலைப் பார்த்ததும் பவித்ரா, கொஞ்ச நேரம் தூக்கிய கையை இறக்காமலே இருந்தாளாம். நான் கொடுத்தது இந்த ஊர்ச் சட்டத்துக்கு முழுக்கச் சரியான ஆலோசனை. யாரும் கொண்டுவராவிட்டால் யார் கொண்டுவந்ததைக் குடிப்பது என்ற கேள்வி இல்லை. கலாவுக்கு வசதி, எனக்கும் வசதி. அங்கே பலபேர் பல வசதிகளை இப்படித்தான் ஏற்படுத்திக்கொள்கிறார்கள். பொதுக் கிணற்றை மூடிவிட்டு ஆளுக்கொரு போர் போட்டுக்கொண்ட ஊர்களும் உண்டு.

யாழினிக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவருவது வேலை. பவித்ராவுக்கு அது மரியாதை. ஒருத்தியின் பேச்சு இன்னொருத்திக்குப் புரிய நான் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது, எனக்கோ இரண்டு பக்கமும் பாதிப் பாதிதான் தெரிகிறது. இட்ஸ் ஸ்டில் வியர்ட், அம்மா என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போனாள்.

6

கலா பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டாள். இனி கை தூக்க வேண்டியதில்லை, வருகைப் பதிவில் பெயர் வரும் வரிசைப்படி ஆளுக்கு ஒரு நாள் என்று வகுப்பில் சொல்லிவிட்டாள். வரிசை நகர்ந்து, காலனிப் பிள்ளைகளில் முதல் ஆளாகப் பவித்ராவின் பெயர் எந்த நாளில் வரும் என்று பார்த்தால், அது தாளாளர் பள்ளிக்கு வரும் நாள். பொங்கலுக்கு முந்திய வாரம். அவர் வகுப்புகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்லப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு நாள் தள்ளிப்போட்டுக்கட்டுங்களா அக்கா? ஒரே நாளுங்க. அப்புறமேட்டுக்குச் சேர்ல உக்காந்துட்டா எல்லாத்தையும் சரிபண்ணிப்போடலாம்" என்று கலா அந்தச் சனிக்கிழமை எங்களைக் கேட்டாள்.

ஒரு தடவை ஆலோசனை சொல்லி விடிந்தது போதும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. எப்போதும் பேசுகிற மெர்சியும் பேசவில்லை. அந்த நாற்காலி கலாவுக்கு வேண்டும்; அவளைப் போல ஒருத்தி அதில் உட்கார்ந்தால் அந்தப் பள்ளிக்கு நல்லது. அதை எங்களால் மறுக்க முடியாது. பவித்ராவிடம் போய், உன் முறை நாளைக்கு என்று என்ன காரணம் சொல்வது என்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

நடந்ததை மெர்சியும் கலாவும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தாளாளர் வகுப்புக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கலா பாடத்தை நடத்தினாள். நேரம் வந்ததும், தண்ணி யார் மொறைங்க என்று கேட்டாள். பவித்ரா எழுந்து போய்ச் சொம்போடு வந்தாள். வாங்கும்போது கலா தாளாளர் பக்கம் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பார்த்ததற்காக வெட்கமாக இருந்ததாம். குடித்தாள். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பவித்ரா நல்லபடியாக வளர்ந்த பிள்ளை. வகுப்பில் பெரியவர் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். டம்ளரைக் கழுவிவந்து, மறுபடி ஊற்றி, அவரிடம் நீட்டினாள்.

அவர் டம்ளரைப் பார்த்தார். பிறகு முகம் நிறையச் சிரித்தார்.

"இப்பத்தானுங்க அம்மணி தோப்புல எளநி குடிச்சேன். வகுறு நெறைஞ்சிருக்குதுங்க" என்றார், அந்தச் சிறுமியிடம், அத்தனை ங்க போட்டு.

பவித்ரா நீட்டிய கையோடு நின்றாள். கலா வந்து அதையும் வாங்கிக் குடித்துவிட்டாள். ரெண்டு டம்ளர் ஒன்னாக் குடிச்சு வகுறு டம்முனு ஆயிப்போச்சுங்க அக்கா என்று அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள்.

போகும்போது தாளாளர் தாழ்வாரத்தில் நின்று, எல்லாம் நல்லாத்தான் பண்றீங்க, ஆனா நாலு பேர அனுசரிச்சுப் போறவங்கதான் இந்த எடத்துக்குச் சரிப்படுமுங்க என்றாராம். குரலை உயர்த்தவில்லை. கார் ஏறுமுன் கலாவின் மாமனார் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் விசாரித்திருக்கிறார்.

7

பொங்கல் கழிந்து ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒருவரைத் தலைமையாசிரியராகக் கொண்டுவந்தார்கள். கலா சாவிக்கொத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வகுப்போடு நின்றுகொண்டாள். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்; ஒன்றும் கேட்காததுதான் பேச்சு என்றாள். கடைவீதியில் இரண்டொருவர், நல்லா இருக்கறீங்களா டீச்சர் என்று வழக்கத்தைவிட நின்று விசாரித்தார்கள்.

புதியவர் எப்படி என்று கேட்டேன். மோசமில்லீங்க என்றாள். முதல் வாரமே ஒவ்வொரு வகுப்பாக வந்து உட்கார்ந்திருக்கிறார். கலாவின் வகுப்புக்கு வந்த அன்று, வரிசைப்படி தண்ணீர் கொண்டுவந்தது பவித்ராவின் தெருவிலிருந்து வரும் இன்னொரு பிள்ளை. அவள் நீட்டியதும் அவர் வாங்கிக் குடித்துவிட்டு, தேங்க்ஸ் பாப்பா என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான். ஊருக்குப் புதிய அவருக்கு அது ஒரு டம்ளர் தண்ணீர்.

அதைக் கேட்டு எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. கலா இரண்டு டம்ளர் குடித்து இழந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு டம்ளரை அவர் பாட்டுக்குக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமுங்களா. தெரியாமக் குடிக்கறது சுலுவுங்க அக்கா. நான் தெரிஞ்சு குடிச்சேன்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, டீச்சர் குரலில், வாரத்துக்கான வேலையைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"யாரு எந்தத் தெருன்னு அவுருக்குச் சொல்லிக் குடுக்க ஆளு வருமுங்க. கண்டிப்பா வரும். அதுக்குள்ள எல்லாப் பிள்ளைங்க கையாலயும் குடிச்சு அவுருக்குப் பழக்கம் ஆயிப்போகோணும். அதனால தெனமும் மூனாவது பீரியடு, தண்ணி வர்ற நேரத்துக்கு, அவுர வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கறேன். பாடத்தப் பாத்துக் கருத்துச் சொல்லுங்கன்னு."